காற்று அடித்தால் பைக் கடிக்கும்... கடிக்க மீன் வேண்டாமா?

அக்டோபர் பிறந்துவிட்டால் ஸ்டாக்ஹோம் தீவுக்கூட்டத்தில் உல்லாசப் படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறிவிடும். பைக் (pike) என்னும் வேட்டை மீனுக்குத் தூண்டில் போடுகிறவர்களுக்கோ அப்போதுதான் சீசன் சூடுபிடிக்கிறது. ஊரே வானிலை அறிக்கையில் வெயிலைத் தேடும்போது, இவர்கள் காற்றைத் தேடுவார்கள். ஸ்வீடனில் காற்றை நொடிக்கு இத்தனை மீட்டர் என்றுதான் சொல்வார்கள். 8 மீட்டர் என்றால் முகம் மலரும். 10 என்றால் வேலைக்கு லீவு போடத் தோன்றும். 14-ஐத் தொட்டால் கடல் எச்சரிக்கை வந்துவிடும். அன்றைக்கு மட்டும் வீட்டில் இருப்பது நல்லது.

மழையும் குளிருமாக இருக்கும் நாளில் ஏன் இந்தப் பாடு? காரணம் மீனின் உடம்பிலேயே இருக்கிறது. பைக் துரத்திப் பிடிக்கும் மீன் கிடையாது. ஒளிந்திருந்து பாயும் மீன். சீலாவைப் போல நீண்ட உடல், வாலை ஒட்டிப் பின்னால் அமைந்த முதுகுத் துடுப்பு, உள்நோக்கிச் சாய்ந்த பற்கள். நாணல் ஓரத்தில் அசையாமல் நிற்கும். இரை எட்டும் தூரத்துக்கு வந்ததும் ஒரே பாய்ச்சல். தெளிந்த, சலனமற்ற நீர் இதற்குத் தோதுப்படாது. இரைமீன் முன்கூட்டியே பார்த்து ஒதுங்கிவிடும். காற்று கிளம்பினால் அலை வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. கரையோரம் சேறு கிளம்பி நீர் கலங்குகிறது. சின்ன மீன்கள் தடுமாறுகின்றன. கண் மங்கினாலும் பைக்குக்குக் கவலை இல்லை. பக்கவாட்டுக் கோடும் தலையிலுள்ள நுண்துளைகளும் நீரின் அதிர்வை வைத்தே இரை இருக்குமிடத்தைச் சொல்லிவிடும்.

பால்டிக் கடலுக்கு இன்னொரு தனிக்குணம் உண்டு. பெருங்கடல் நீரில் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு என்றால், ஸ்டாக்ஹோம் கரையோரம் 5, 6 பங்குதான். அதனால்தான் நன்னீர் மீனான பைக் அங்கே கடலிலேயே குடித்தனம் நடத்துகிறது. ஓதம் என்று சொல்லும்படியாக அங்கே எதுவும் கிடையாது. நீர்மட்டத்தை ஏற்றி இறக்குவது காற்றும் காற்றழுத்தமும்தான். அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் நீர் ஏறக்குறைய 1 செ.மீ. உயரும். ஒரு தாழ்வழுத்தம் கடந்து போனால், தீவுகளுக்கு இடையிலுள்ள குறுகிய நீர்வழிகளில் நீரோட்டம் பிறக்கும். இரைமீன் அதோடு போகும். பைக் அதன் ஓரத்தில் காத்துக்கிடக்கும்.

காற்றில் எறியும் கலை

இங்கே கனமான செயற்கை இரைதான் எடுபடும். ஜெர்க்பெய்ட் எனப்படும், 80, 100 கிராம் எடையுள்ள இரைகளை எதிர்க்காற்றிலும் ஓரளவு தூரம் எறிந்துவிடலாம். கலங்கிய நீரில் வேகமாக இழுத்தால் மீன் இரையைத் தவறவிடும். மெதுவாக இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுக்க வேண்டும். பெரும்பாலும் நிறுத்துகிற அந்த இடைவெளியில்தான் மீன் பாய்ந்து கடிக்கும். பக்கக் காற்றில் பின்னல் நரம்பு வில்லாக வளைந்துவிடும் என்பதால், கோலின் நுனியை நீரை ஒட்டித் தாழ்த்திப் பிடிப்பார்கள். இல்லையென்றால் கடித்ததே கைக்குத் தெரியாது. தூண்டில் முள்ளுக்கு முன்னால் ஒரு முழமாவது உலோகக் கம்பி கட்டாயம். வெறும் நரம்பைப் பற்கள் அறுத்துவிடும். பிறகு முள்ளோடு திரிய வேண்டியது மீன்தான். படகை நங்கூரமிடாமல் காற்றோடு மிதக்கவிட்டு, வேகத்தைக் குறைக்க நீருக்குள் விரியும் துணிப்பை ஒன்றைக் கட்டிவிடுவார்கள்.

காற்று ஓய்ந்த மறுநாளும் பெரிய மீன் கிடைக்கும் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் காற்றடிக்கும் கரையைக் கண்டுகொண்டவர் மறுநாள்வரை பொறுத்திருப்பதில்லை.

கை நிறைகிறது, கடல் காலியாகிறது

இந்தத் திறமைதான் பயமுறுத்துகிறது. காற்று மீனைப் பெருக்குவதில்லை. இருக்கிற மீனை ஓரிடத்தில் ஒதுக்கித் தருகிறது. எங்கே ஒதுக்கும் என்று தெரிந்தவருக்கு, மொத்த மீன் பாதியாகக் குறைந்தாலும் அன்றைய வேட்டையில் குறைவு தெரியாது. ‘போன வாரம் காற்றில் அள்ளிக்கொண்டு வந்தோமே, மீன் எங்கே குறைந்தது?’ என்று அவர் கேட்பார். பொய் சொல்லவில்லை, தன் படகை மட்டும் பார்க்கிறார். 1985 முதல் ஸ்வீடன் கடலோரத்தில் கைத்தூண்டில் போட யாருக்கும் உரிமம் தேவையில்லை. அருமையான சுதந்திரம். அதே காரணத்தால், யார் எவ்வளவு பிடித்தார் என்ற முழுக்கணக்கு யார் கையிலும் இல்லை.

ஸ்வீடனின் பால்டிக் கரையில் பல இடங்களில் சில பத்தாண்டுகளாகவே பைக் குறைந்து வருகிறது. சீல்களும் நீர்க்காகங்களும் பெருகியது ஒரு காரணம். முட்டையையும் குஞ்சையும் தின்னும் ஸ்டிக்கிள்பேக் என்ற குட்டி மீன் பல மடங்கு பெருகியது இன்னொன்று. பெரிய பைக் இருந்தால் அது ஸ்டிக்கிள்பேக்கைத் தின்னும். பெரிய பைக் போய்விட்டால் ஸ்டிக்கிள்பேக் பைக்கின் வம்சத்தையே தின்னும்.

இவை எல்லாவற்றுக்கும் முந்தைய அடி கரையில் விழுந்தது. கடலோரப் பைக்குகளில் கணிசமானவை இளவேனிலில் தாம் பிறந்த ஓடைகளைத் தேடி ஏறி, வெள்ளம் நின்ற புல்வெளிகளில் முட்டையிடுகின்றன. முட்டைகள் புல்லில் ஒட்டிக்கொள்கின்றன. விளைநிலத்துக்காக அந்தச் சதுப்புகளை வடித்து, ஓடைகளை நேர்க்கோட்டு வாய்க்கால்களாக வெட்டிவிட்டார்கள். தாய்மீன் வருகிறது, ஈனுவதற்கு இடமில்லை.

கரையோரத்தின் பெரும்பகுதிக்கு வகுத்த விதி நல்ல விதி: ஆளுக்கு நாளொன்றுக்கு 3 மீன், அதுவும் 40 முதல் 75 செ.மீ. வரை உள்ளவை மட்டும். லட்சத்துக்கு மேல் முட்டையிடக்கூடிய பெரிய தாய்மீனைத் திருப்பி விட்டாக வேண்டும். தாயைக் காப்பாற்றினால் போதுமா? அவளுக்குப் பிரசவ அறை எங்கே?

அறை கட்டினால் பலன் கைமேல் தெரிகிறது. கால்மர் மாவட்டத்தின் குரோனோபெக் ஓடையில் சதுப்பை மீட்டபின், கடலுக்கு இறங்கும் பைக் குஞ்சுகள் சில ஆயிரத்திலிருந்து ஒரு லட்சத்துக்கு மேல் உயர்ந்தன. வடிகாலை அடைத்து, புல்வெளியில் சில வாரம் நீர் நிற்கவிட்டால் போதும். பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. தேவைப்படுவது நிலக்காரரின் சம்மதமும், கேட்டு வாங்க ஆட்களும்.

அந்த ஆட்கள் தூண்டில்காரர்களாகத்தான் இருக்க முடியும். நொடிக்கு 10 மீட்டர் காற்றில் ஒரு ஜெர்க்பெய்ட்டுக்குப் பின்னால் நாள் முழுக்க நனையத் தயாராக இருப்பவர், ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடைக்கரையில் நின்று ஏறிவரும் மீனை எண்ணலாம். மீன்வளத்தின் நிலவரம் அந்த எண்ணிக்கையில்தான் தெரியும். காற்றடித்த நாளின் புகைப்படங்களில் தெரியாது.