இரைப்பைப் புற்றும் அடையாளப் புரதங்களும்

வயிற்றில் எரிச்சல் கண்டால் 'கேஸ்ட்ரிக்' என்ற ஒரே சொல்லில் அதனை முடித்துவிட்டு, மருந்துக்கடை மாத்திரை ஒன்றை மென்றுகொண்டே வேலைக்குச் செல்வோர் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பலர். காரம் மிகுந்துவிட்டது, நேரத்திற்கு உண்ணவில்லை, மனக்கவலை என்று காரணத்தையும் அவர்களே கூறிக்கொள்வர். மருத்துவ உலகமும் நெடுங்காலம் ஏறத்தாழ இதனையே கூறி வந்தது. கடும் அமிலம் சுரக்கும் இரைப்பையில் எக்கிருமியும் நிலைத்து வாழ இயலாது என்பது அக்கால மருத்துவ நூல்களின் துணிபு. அத்துணிபு பிழையென மெய்ப்பிக்கப்பட்ட வரலாறும், அதன் வழியே இரைப்பைப் புற்றுநோயைப் பற்றி மக்கள் பெற்ற அறிவும் ஆசிரியரும் பெற்றோரும் அறியத்தக்கன.

பெர்த் நகரில் கண்ட கிருமி

1979ஆம் ஆண்டில், மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர மருத்துவமனையில் நோய்க்கூற்று அறிஞராயிருந்த ராபின் வாரன் என்பார், அழற்சியுற்ற இரைப்பைத் தசைத்துணுக்கு ஒன்றை நுண்ணோக்கியில் வைத்து நோக்கினார். வளைந்த வடிவுடைய நுண்கிருமிகள் அதன் மேற்பரப்பில் மொய்த்திருக்கக் கண்டார். 1981இல் பாரி மார்ஷல் என்ற இளைய மருத்துவர் அவருடன் சேர்ந்தார். கிருமியை ஆய்வுத் தட்டில் வளர்க்க இருவரும் செய்த முயற்சிகள் தொடக்கத்தில் பயன் தரவில்லை. இரண்டு நாளில் கிருமி வளராவிடில் தட்டை எறிந்துவிடுவது வழக்கம். 1982ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் ஐந்து நாள் அப்படியே கிடந்தன. விடுமுறை கழிந்து நோக்கியபோது கிருமி வளர்ந்திருந்தது!

ஆயினும் மருத்துவ உலகம் எளிதில் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் தாமே அக்கிருமிக் கரைசலைப் பருகினார். சில நாளில் குமட்டலும் வாந்தியும் கண்டன. அவருடைய இரைப்பை அழற்சியுற்றிருந்ததை ஆய்வு காட்டியது. 1989இல் இக்கிருமிக்கு 'ஹெலிக்கோபேக்டர் பைலோரி' என்ற பெயர் நிலைபெற்றது. 2005இல் வாரனுக்கும் மார்ஷலுக்கும் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

அமிலத்தில் வாழும் வகை

அமிலத்தில் இக்கிருமி எங்ஙனம் பிழைக்கிறது என்று வாசகர் வினவலாம். ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்தோர்க்கு இதனை விளக்குதல் எளிது. ரப்பர்ப் பாலில் அமிலம் இட்டால் அது உறையும். அம்மோனியா இட்டால் உறையாது நீர்மமாகவே இருக்கும். அமிலத்தின் ஆற்றலை அடக்கவல்லது அம்மோனியா. இக்கிருமி 'யூரியேஸ்' என்னும் புரதத்தைக் கொண்டு, இரைப்பையிலுள்ள யூரியாவை அம்மோனியாவாக மாற்றித் தன்னைச் சூழ்ந்த அமிலத்தைத் தணித்துக்கொள்கிறது. பின் இரைப்பைச் சுவரை மூடியுள்ள சளிப்படலத்துள் புகுந்து தங்குகிறது.

அழற்சியிலிருந்து புற்றுவரை

கிருமி புகுந்தவுடன் புற்று தோன்றிவிடுவதில்லை. முதலில் நாட்பட்ட அழற்சி, அடுத்துச் சுரப்பிகள் தேய்ந்து மெலிதல், பின்னர் இரைப்பைச் சுவரின் உயிரணுக்கள் குடலின் உயிரணுக்களைப் போல் மாறுதல், அதன்பின் உயிரணுக்கள் ஒழுங்கு குலைதல், இறுதியிலேயே புற்று. இப்படிமுறையை எடுத்துரைத்தவர் பெலாயோ கொரியா என்னும் அறிஞர். இவ்வழியைக் கடக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். வழி நீண்டதாயிருப்பதே மருத்துவத்திற்குக் கிடைத்த வாய்ப்பு.

1994இல் உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இக்கிருமியைப் புற்றுண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் சேர்த்தது. ஜப்பானில் 1,526 பேரைச் சராசரி 7.8 ஆண்டு கண்காணித்து 2001இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. கிருமி இருந்த 1,246 பேரில் 36 பேருக்குப் புற்று கண்டது; கிருமி இல்லாத 280 பேரில் ஒருவருக்கும் காணவில்லை.

இவ்வெண்களையே மறுபுறமிருந்து நோக்கினால், கிருமி இருந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் அக்காலத்தில் புற்றின்றி இருந்தனர் என்பதும் விளங்கும். யாருக்கு அச்சம் மிகுதி, யாருக்குக் குறைவு என்று பிரித்தறிவது எங்ஙனம்? இதற்கு உதவுவனவே அடையாளப் புரதங்கள்.

கிருமியின் புரதம்

இக்கிருமியில் ஒரு சாரார் 'காக்-ஏ' என்னும் புரதத்தை உடையவர். ஊசிகொண்டு மருந்தேற்றுவது போல், கிருமி இப்புரதத்தை இரைப்பை உயிரணுவினுள் செலுத்துகிறது. உள்ளே சென்ற புரதம், உயிரணுவின் வளர்ச்சியை நெறிப்படுத்தும் மற்றொரு புரதத்தைப் பற்றிக்கொண்டு அதன் ஒழுங்கைக் குலைக்கிறது. இதனை 2002இல் ஜப்பானிய அறிஞர் மசானோரி ஹட்டகேயாமாவும் அவர் குழுவினரும் விளக்கினர். இப்புரதம் கீழாசிய வகை, மேலைநாட்டு வகை என இரு வகைப்படும். முன்னது உயிரணுப் புரதத்தை மிக இறுகப் பற்றுவது. பின்னது அத்துணை இறுகப் பற்றாதது.

மலேசிய மக்களின் நிலை இங்கு நோக்கத்தக்கது. மலாய்க்காரரிடம் இக்கிருமி குறைவு, புற்றும் குறைவு. சீனரிடம் கிருமியும் மிகுதி; புற்றும் மிகுதி. இந்தியரிடமோ கிருமி மிகுந்திருந்தும், இரைப்பைப் புற்று சீனரிடம் காணும் அளவிற்கு இல்லை. சீனரிடம் கீழாசிய வகையும், இந்தியரிடம் மேலைநாட்டு வகையும் பெரும்பான்மையாய் இருப்பது இவ்வேறுபாட்டிற்கு ஒரு காரணமாகலாம். உப்பிட்டுப் பதப்படுத்திய உணவு, புகைபிடித்தல், பரம்பரைக் கூறு ஆகியவற்றிற்கும் பங்குண்டு. ஆகவே இந்தியர்க்கு அச்சமே இல்லை என்று கொள்ளுதல் பிழை. குறைவு என்பது வேறு, இல்லை என்பது வேறு.

குருதியில் தெரியும் குறி

இரைப்பைச் சுரப்பிகள் 'பெப்சினோஜன்' என்ற புரதத்தை இரு வகையாகச் சுரக்கின்றன. அதில் ஒரு சிறு பங்கு குருதியிலும் கலக்கிறது. முதல் வகை இரைப்பையின் நடுப்பகுதியில் பிறப்பது. இரண்டாம் வகை பிற பகுதிகளிலும் பிறப்பது. நடுப்பகுதிச் சுரப்பிகள் தேய்ந்தால் முதல் வகை குறைந்து, இரண்டின் விகிதமும் தாழும். ஜப்பானிய மருத்துவர் முதல் வகை ஒரு மில்லிலிட்டர் சீரத்தில் 70 நானோகிராம் அல்லது அதற்குக் குறைவாகவும், விகிதம் 3 அல்லது அதற்குக் குறைவாகவும் இருப்பின் இரைப்பை தேய்வுற்றிருக்கக்கூடும் என்று கொள்வர்.

தேய்வு முற்றியபின் கிருமியே வாழ இடமின்றி மறைந்துவிடுவதுண்டு. அந்நிலையில் 'கிருமி இல்லை' என்ற விடை ஆறுதல் தருவதன்று. பெப்சினோஜன் அளவே உண்மையை உரைக்கும். எனினும் இக்குறிகள் புற்று உண்டென்று தீர்ப்பளிப்பன அல்ல. யாருக்கு உள்நோக்குக் குழாய்ச் சோதனை உடனே வேண்டும் என்று சுட்டுவனவே. புற்று தோன்றிய பின்னும் புரதங்கள் வழிகாட்டுவதுண்டு. 'ஹெர்-2' புரதம் மிகுந்துள்ள புற்றுக்கு 'டிராஸ்டுஸுமாப்' என்னும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் வாழ்நாள் சற்று நீள்வதை 2010இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

செய்யத்தக்கவை

கிருமி உண்டா என அறிதல் எளிது. மூச்சுக்காற்றுச் சோதனையும் மலச் சோதனையும் அதற்குப் போதும். உண்டெனில், நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை அமிலந்தணிக்கும் மருந்துடன் பெரும்பாலும் பதினான்கு நாள் உண்ணுமாறு மருத்துவர் பணிப்பர். எரிச்சல் தணிந்ததென்று ஐந்தாம் நாளே நிறுத்திவிடுவோர் உளர். அதனால் எஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடக் கூடும். தைவானைச் சேர்ந்த மாட்சு தீவுகளில் 2004 முதல் மக்களிடம் கிருமியைத் தேடி ஒழித்ததன் பயனாக, இரைப்பைப் புற்று ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. தேய்வு முற்றுமுன் கிருமியை ஒழித்தலே பெரும்பயன் தரும்.

காரணமின்றி உடல் மெலிதல், மலம் தார்போல் கறுத்தல், உணவு விழுங்க இயலாமை, ஓயாத வாந்தி, குருதிச்சோகை ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் மாத்திரையை நம்பி நாளைக் கடத்தலாகாது. பெற்றோருக்கோ உடன்பிறந்தார்க்கோ இரைப்பைப் புற்று இருந்தவர், வலி இல்லாவிடினும் மருத்துவரைக் கலந்துகொள்ளுதல் நன்று.

இக்கிருமி பெரும்பாலும் இளமையிலேயே, வீட்டாரிடமிருந்தே தொற்றுவது. எனவே தூய நீரையும் உண்ணுமுன் கை கழுவும் பழக்கத்தையும் வகுப்பறையில் வற்புறுத்தும் ஆசிரியர், ஐம்பது ஆண்டு கழித்து வரக்கூடிய ஒரு நோய்க்கு இன்றே அணையிடுகிறார். 'கேஸ்ட்ரிக்' என்ற சொல்லோடு நின்றுவிடாமல் அதன் முதலைத் தேடுமாறு பெற்றோரைத் தூண்டுவாராயின், அவர் செய்யும் நன்மை இன்னும் பெரிதாகும்.