கொட்டும் பனியில் சைக்கிள் பந்தயம்: "நிறுத்து" என்று சொல்ல வேண்டியது யார்?

சைக்கிள் பந்தயத்துக்குப் பேர் கொடுக்கப் போனால் முதலில் ஒரு தாளை நீட்டுவார்கள். "வழியில் எனக்கு எது நேர்ந்தாலும் நானே பொறுப்பு" என்கிற மாதிரி அதில் அச்சடித்திருக்கும். கீழே ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். முதுகில் நம்பரைக் குத்திக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

சரி, வழியில் புயல் அடித்தால்? மலையில் பனி கொட்டினால்? அப்போதும் அந்தக் கையெழுத்துதான் பதில் சொல்லுமா? இல்லை, கொடி அசைத்து அனுப்பினாரே, அவர் பதில் சொல்ல வேண்டுமா?

சைக்கிள் பந்தயம் பெரிய வியாபாரமாக நடக்கும் நாடுகளில் இந்தக் கேள்வி பல வருஷமாகப் புகைந்துகொண்டிருக்கிறது. கேட்டால் நமக்கே குளிர் எடுக்கும் சம்பவங்கள் நடந்திருக்கின்றன.

மலை மேல் என்ன நடந்தது?

1988-ம் ஆண்டு ஜூன் 5-ந் தேதி. இத்தாலியைச் சுற்றி மூன்று வாரம் நடக்கும் "ஜிரோ" பந்தயத்தின் 14-வது கட்டம். அன்றைய தூரம் 120 கிலோ மீட்டர்தான். ஆனால் நடுவில் காவியா கணவாய் நின்றது. உயரம் 2,600 மீட்டருக்கு மேல். தார் கூடப் போடாத மண் பாதை பல இடங்களில்.

அடிவாரத்தில் மழை. மேலே பனி. இது காலையிலேயே தெரியும். பாதை திறந்துதான் இருக்கிறது என்று பந்தயத்தை விட்டுவிட்டார்கள்.

அமெரிக்காவின் "செவன் லெவன்" கோஷ்டி உஷாராகிவிட்டது. காலையிலேயே கடைக்கு ஆள் ஓடினார்கள். பனிச்சறுக்கு விளையாடுகிறவர்கள் போடும் கனத்த கையுறை, கம்பளித் தொப்பி எல்லாம் வாங்கி வந்து தயாராக வைத்தார்கள்.

ஹாலந்து வீரர் வான் டெர் வெல்டே அரைக்கைச் சட்டையோடு ஏறினார். உச்சியை முதலில் தொட்டதும் அவர்தான். ஆனால் முதலில் தொட்டவரால் இறங்க முடியவில்லை. குளிர் தாங்காமல் வழியில் ஒரு வண்டிக்குள் ஒதுங்கினார். உடம்பைச் சூடாக்கிக்கொண்டு போர்மியோ நகரில் வந்து சேர்ந்தபோது சுமார் 47 நிமிஷம் பிந்திவிட்டார்.

கையுறை போட்டிருந்த அமெரிக்கர் ஆண்டி ஹாம்ப்ஸ்டன் அன்று இரண்டாவதாக வந்தார். மொத்தக் கணக்கில் முதலிடம் அவருக்கு. அந்த வருஷ ஜிரோவே அவருக்குத்தான்.

அன்று யாரும் சாகவில்லை. ஆனால் அது நிர்வாகத்தின் சாமர்த்தியம் அல்ல. அதிர்ஷ்டம்.

கை விறைத்தால் பிரேக் ஏது?

மழை நாளில் சைக்கிள் மிதித்து வேலைக்குப் போகிறவருக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிரேக்கைப் பிடிப்பார். ரிம்மில் இருக்கும் தண்ணீரை ரப்பர் கட்டை முதலில் வழிக்கும். அப்புறம்தான் பிடிக்கும். அதற்குள் வண்டி நாலு முழம் தள்ளிப் போயிருக்கும்.

இதையே மலைச்சரிவில் 60, 70 கிலோ மீட்டர் வேகத்தில் நினைத்துப் பாருங்கள். ஏறும்போது வேர்வையில் சட்டை நனைந்திருக்கும். இறங்கும்போது எதிர்க்காற்று அதைப் பனிக்கட்டி ஆக்கும். விரல் மரத்துப் போகும். இப்போது வரும் டிஸ்க் பிரேக் மழையிலும் பிடிக்கும், உண்மைதான். ஆனால் பிடிக்கிற கைக்கு உணர்ச்சி வேண்டாமா? டயரோ விரல்கடை அகலம். ரோட்டில் போட்ட வெள்ளைக் கோடு ஈரமானால் அதன் மேலேயே வழுக்கும்.

ஒவ்வொரு வீரரும் தன் முன்னால் இருக்கும் பத்து கெஜம் ரோட்டைத்தான் பார்க்கிறார். மலைக்கு அந்தப் பக்கம் என்ன நிலைமை என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழி இல்லை. வானிலை அறிக்கை யார் கையில்? முன்னால் போகும் மோட்டார் சைக்கிள் யாருடையது? வயர்லெஸ் யாரிடம்? எல்லாம் நடத்துகிறவரிடம். விவரம் ஒருவர் கையில், பொறுப்பு இன்னொருவர் தலையில் என்றால் அது என்ன நியாயம்?

"வேண்டாம் என்றால் வீரரே நின்றுவிடலாமே?" என்று சிலர் கேட்பார்கள். கடைத்தெருவில் கலாட்டா என்று புரளி கிளம்பும்போது எந்தக் கடைக்காரர் முதலில் கதவை இழுத்து மூடுகிறார்? பக்கத்துக் கடை திறந்திருக்கிறதே என்று பார்த்துக்கொண்டுதான் இருப்பார். பந்தயக்காரரும் அப்படித்தான். நான் நின்றால் அடுத்தவன் போய்விடுவான். போனால் பரிசு போச்சு, அடுத்த வருஷ ஒப்பந்தமும் போச்சு.

நடத்துகிறவருக்கும் இக்கட்டு இல்லாமல் இல்லை. பந்தயம் தங்கள் ஊரில் முடிய வேண்டும் என்று ஊர்க்காரர்கள் பணம் கட்டியிருப்பார்கள். டெலிவிஷன்காரர்கள் காத்திருப்பார்கள். "நிறுத்து" என்று சொன்னால் முதல் நஷ்டம் அவருக்கு. அதனால்தான் அந்த ஒரு வார்த்தை வாயிலிருந்து வர இவ்வளவு தாமதம்!

ஒரே செய்தி, இரண்டு அர்த்தம்

2013-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி மிலான்-சான் ரேமோ பந்தயத்தில் பனி கொட்டியது. நடுவழியில் ஓவாடா ஊரில் ஓட்டத்தை நிறுத்தினார்கள். வீரர்களை பஸ்ஸில் ஏற்றி, டுர்கினோ கணவாயைத் தாண்டி, கடலோரம் கோகோலெட்டோவில் இறக்கி மறுபடி விட்டார்கள். பந்தயமும் நடந்தது, மலையில் யாரும் விறைத்துச் சாகவும் இல்லை. மனசு வைத்தால் வழி இருக்கிறது என்று அன்றே தெரிந்துபோயிற்று.

அடுத்த வருஷமே எல்லாம் தலைகீழ். 2014 மே 27-ந் தேதி, அதே ஜிரோ பந்தயம். இந்தத் தடவை 2,758 மீட்டர் உயர ஸ்டெல்வியோ கணவாய். மேலே பனி. "இறக்கத்தில் சிவப்புக் கொடியோடு மோட்டார் சைக்கிள் முன்னால் போகும்" என்கிற மாதிரி வயர்லெஸ்ஸில் ஒரு செய்தி வந்தது.

"அப்படியானால் இறக்கத்தில் போட்டி கிடையாது" என்று சில கோஷ்டிகள் நினைத்தன. மேலே நின்று சட்டை மாற்றிக்கொண்டு நிதானமாக வந்தார்கள். "போட்டி உண்டு, ஜாக்கிரதையாகப் போ என்று அர்த்தம்" என்று மற்றவர்கள் நினைத்தார்கள். விறுவிறு என்று இறங்கிவிட்டார்கள். அப்படி இறங்கியவர்களில் ஒருவர் கொலம்பியா நாட்டு நைரோ கின்டானா. அன்றைய கட்டத்தை ஜெயித்து, மொத்தக் கணக்கிலும் முதலிடத்தைப் பிடித்தார். ஜிரோ பட்டமும் கடைசியில் அவருக்கே. "ஏமாற்றிவிட்டார்கள்" என்று மற்றவர்கள் கூச்சல் போட்டார்கள். தகவல் தவறு என்று நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது.

குற்றம் கின்டானா மேல் இல்லை. நின்றவர்கள் மேலும் இல்லை. பாதியாகச் சொன்ன சொல் மேல்தான் குற்றம். உத்தரவு என்றால் நில் அல்லது போ. நடுவில் ஒன்று இருக்கக் கூடாது.

வந்தது விதி

இத்தனைக்கும் பிறகுதான் சர்வதேச சைக்கிள் சங்கம் விழித்துக்கொண்டது. 2016 முதல் ஒரு விதி. உறைபனி மழை, ரோட்டில் சேரும் பனி, பலத்த காற்று, கடும் குளிர் அல்லது வெயில், கண் தெரியாத மூடுபனி, காற்றில் மாசு. இவற்றில் எது வரும் போலிருந்தாலும் உடனே கூட்டம் போட வேண்டும். நடத்துகிறவர், நடுவர் தலைவர், டாக்டர், வீரர்களின் பிரதிநிதி, கோஷ்டிகளின் பிரதிநிதி எல்லாரும் உட்கார வேண்டும். நேரத்தை மாற்றலாம், பாதையை மாற்றலாம், ரத்தும் செய்யலாம்.

அதே மார்ச் மாதம் பிரான்சில் பாரிஸ்-நீஸ் பந்தயத்தின் ஒரு கட்டம் பனியால் பாதியில் ரத்தானது. சில நாளில் இத்தாலியிலும் ஒரு மலைக் கட்டம் ரத்து. மலையேறுவதில் கெட்டிக்கார வீரர்கள் "எங்கள் வாய்ப்பு போச்சே" என்று முணுமுணுத்தார்கள். முணுமுணுக்க ஆள் இருந்தார்கள் அல்லவா? அதுதான் முக்கியம்!

2019 ஜூலை 26-ந் தேதி டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் இன்னும் பெரிய சோதனை. வீரர்கள் இஸ்ரான் கணவாயைத் தாண்டி இறங்குகிறார்கள். கீழே வால் டிஸேர் பக்கம் ஆலங்கட்டி மழை. மண் சரிந்து ரோட்டை மூடிவிட்டது. ஓட்டத்தை அப்படியே நிறுத்தினார்கள். உச்சியைக் கடந்த நேரமே கணக்கு என்று அறிவித்தார்கள். அன்று கட்ட வெற்றி யாருக்கும் இல்லை. 22 வயது ஏகன் பெர்னாலுக்கு மஞ்சள் சட்டை கிடைத்தது. அதிகாரம் யாரிடம் என்பது முன்பே முடிவாகியிருந்ததால் ரோட்டில் தகராறு இல்லை.

35 ஆயிரம் பேர், ஒரே முடிவு

இதெல்லாம் சம்பளத்துக்கு ஓட்டுகிற வீரர்கள் கதை. அவர்களுக்குச் சங்கம் உண்டு, டாக்டர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆசைக்கு சைக்கிள் ஓட்ட வரும் குமாஸ்தாவுக்கும் வாத்தியாருக்கும் யார் இருக்கிறார்கள்?

தென்னாப்பிரிக்காவில் கேப்டவுன் நகரைச் சுற்றி வருஷா வருஷம் 109 கிலோ மீட்டர் சைக்கிள் ஓட்டம் நடக்கிறது. 2017 மார்ச் 12-ந் தேதி பேர் கொடுத்தவர்கள் சுமார் 35 ஆயிரம். விடிகாலையில் பேய்க்காற்று. ஆட்கள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கவே முடியவில்லை. சைக்கிள்கள் தரையில் பறந்து விழுந்தன. போதாக்குறைக்கு ஹவுட் பே பகுதியில் குடிசைகளில் பெரும் தீ. பாதையில் இன்னொரு இடத்தில் ஜனங்கள் மறியல்.

முதல் சில கூட்டங்கள் கிளம்பிவிட்டன. அப்போதும் நிர்வாகம் தயங்கவில்லை. "பந்தயம் ரத்து" என்று அறிவித்துவிட்டது. மாதக்கணக்கில் பழகி, ரயிலுக்கும் விமானத்துக்கும் செலவு செய்து வந்தவர்களுக்கு மனசு கஷ்டம்தான். ஆனால் வீடு திரும்பினார்கள். பந்தயத்துக்கு வைத்திருந்த குடிதண்ணீர் தீயில் வீடு இழந்தவர்களுக்குப் போயிற்று.

கொடி அசைத்த பிறகும் கொடியைத் திரும்ப வாங்கலாம். அது தோல்வி அல்ல.

மழை என்றாலே ரத்தா?

இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். 2020 அக்டோபர் 23-ந் தேதி, ஜிரோவில் 250 கிலோ மீட்டருக்கு மேல் ஒரு கட்டம். மழை பெய்தது. "ஓட்ட மாட்டோம்" என்று வீரர்கள் காலையில் மறுத்துவிட்டார்கள். பஸ்ஸில் ஏறிப் போய், கடைசி 124 கிலோ மீட்டர் மட்டும் ஓட்டினார்கள். பந்தய இயக்குநர் கொதித்துப் போனார். சமவெளி ரோடு, சாதாரண மழை, இதற்குமா என்பது அவர் கேள்வி. மூன்று வாரக் களைப்பு, நீண்ட தூரம் என்பது வீரர்கள் பதில்.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கலாம். ஆனால் இதைப் பேச வேண்டிய நேரம் முந்தின நாள் ராத்திரி. கொடி அசைக்கும் நேரம் அல்ல.

காட்டுக்குள் கிடந்த பெண்

கடைசியாக ஒரு சம்பவம். நெஞ்சைப் பிசையும் சம்பவம். 2024 செப்டம்பர் 26-ந் தேதி சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் உலகப் போட்டி. ஜூனியர் பெண்கள் பந்தயம். மழை பெய்து ரோடு ஈரமாக இருந்தது. அந்த நாட்டைச் சேர்ந்த 18 வயது மூரியல் பூரர் காட்டுப் பகுதியில் விழுந்தார். நீண்ட நேரம் யார் கண்ணிலும் படவில்லை. கண்டுபிடித்து ஹெலிகாப்டரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மறுநாள் உயிர் பிரிந்தது.

மழைதான் எமன் என்று நாம் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு கேள்வி நிற்கிறது. காலையில் பேரைச் சரிபார்த்து அனுப்பிய பிள்ளையைக் காணோம் என்பது உடனே தெரிய வேண்டாமா? அந்தப் போட்டியில் வீரர்கள் காதில் வயர்லெஸ் கிடையாது. எங்கே இருக்கிறார் என்று காட்டும் கருவியும் எல்லோரிடமும் இல்லை.

மறு வருஷம், 2025 ஆகஸ்டில், அதே சுவிட்சர்லாந்தில் ஒரு பெண்கள் பந்தயத்தில் அந்தக் கருவியைச் சோதிக்கப் பார்த்தார்கள். கோஷ்டிக்கு ஒருவர் மாட்ட வேண்டும். அந்த ஒருவரை யார் தேர்வு செய்வது என்று தகராறு வந்து 5 கோஷ்டிகள் நீக்கப்பட்டன. ஒரு பெண் செத்து ஒரு வருஷம் ஆகவில்லை. அதற்குள் "உன் பொறுப்பா, என் பொறுப்பா" என்று சண்டை! செப்டம்பரில் ருவாண்டா நாட்டு கிகாலியில் நடந்த உலகப் போட்டியில்தான் எல்லோருக்கும் கருவி வந்தது.

இரண்டாவது கையெழுத்து

விழுந்து எழுவது பந்தயக்காரர் விதி. அதற்கு அவர் கையெழுத்துப் போடட்டும். தன் பிரேக், தன் டயர், தன் சட்டைக்கு அவரே பொறுப்பு. அதில் நமக்குத் தகராறு இல்லை.

ஆனால் வானிலையைப் பார்ப்பது, பாதையைப் பார்ப்பது, போனவர் எல்லாம் வந்தாரா என்று தலையை எண்ணுவது, வேளை வந்தால் "நிறுத்து" என்று கத்துவது, இதெல்லாம் நடத்துகிறவர் பாடு. அதை யார் தலையிலும் கட்ட முடியாது.

எனவே அந்தத் தாளில் இன்னொரு கையெழுத்துக்கும் இடம் விட வேண்டும். "காற்று இவ்வளவு அடித்தால், பனி இவ்வளவு விழுந்தால் பந்தயத்தை நிறுத்துவது நான். என் பெயர் இது. கடைசி ஆள் வந்து சேரும் வரை நான் வீட்டுக்குப் போக மாட்டேன்" என்று நடத்துகிறவர் எழுதித் தரட்டும்.

அதற்குக் கை நடுங்குகிற ஆள் கொடியைத் தொடவே வேண்டாம்.