காயில் குடிக்கும் சத்தம்
குழாய் முதல் கூடம் வரை – 11

ஜவ்வாது மலையில் கோடை விழாவானாலும் ஊர்த் திருவிழாவானாலும் குழாய் ஸ்பீக்கர் கட்டாமல் நடக்காது. மாலை 6 மணிக்குக் கணீரென்று ஒலித்த குழாய் 9 மணிக்கு மங்கிவிடும். ஆம்ப்ளிஃபயரில் யாரும் கை வைத்திருக்க மாட்டார்கள். ஜெனரேட்டர் வோல்டேஜ் இறங்கிவிட்டது என்பார் ஒருவர். காற்று திசை மாறிவிட்டது என்பார் இன்னொருவர். அதுவும் நடக்கக்கூடியதுதான். ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது குழாயை ஒலிக்க வைக்கும் யூனிட்டுக்குள் இருக்கும் காயிலை.

காந்தத்தின் இடுக்கில் நிற்கும் மெல்லிய செம்புக் கம்பிச் சுருள் அது. 1925-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ரைஸும் கெல்லாகும் உருவாக்கிய ஸ்பீக்கரிலும் வேலை செய்தது இதே சுருள்தான். அதற்குக் கொடுக்கும் மின்சாரத்தில் கொஞ்சம்தான் சத்தமாகிறது. வீட்டு ஸ்பீக்கரில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு. குழாய் மாட்டிய யூனிட்டில் அதைவிடப் பல மடங்கு அதிகம். ஆனாலும் பெரும்பங்கு சூடாகத்தான் போகிறது.

செம்பு ஒரு டிகிரி சூடேறினால் அதன் மின்தடை 0.39 சதவீதம் கூடும். 16 ஓம்ஸ் என்று எழுதிய யூனிட், ஆறியிருக்கும்போது மீட்டரில் 12 ஓம்ஸ் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். சூடு 150 டிகிரி ஏறினால் அது 19 ஓம்ஸ் ஆகிவிடும். ஆம்ப்ளிஃபயர் தரும் வோல்டேஜ் அதேதான். தடை கூடியதால் கரண்ட் குறைகிறது. காயிலைத் தள்ளுவது கரண்ட் அல்லவா? சத்தம் 4 டெசிபல் வரை விழும். பவரைப் பாதிக்கும் கீழே இறக்கியதற்கு அது சமம்.

மலைக் குளிர் காப்பாற்றாதா என்று கேட்கலாம். சமவெளியில் 35 டிகிரி, மேலே 15 டிகிரி என்றால் வித்தியாசம் 20தான். காயில் தானாக ஏற்றிக்கொள்ளும் சூட்டுக்கு முன் அது எம்மாத்திரம்! பெரிய ஊஃபர் முன்னும் பின்னும் ஆடிக் காற்றை இறைத்து ஓரளவு ஆறிக்கொள்ளும். குழாய் யூனிட்டின் டயாபிரம் அசைவதே தெரியாது. அதற்கு அந்த வழியும் இல்லை.

சத்தம் மங்கியதும் வால்யூமைத் திருகுகிறார்களே, அதுதான் வினை. இன்னும் பவர், இன்னும் சூடு. ஆம்ப்ளிஃபயர் எல்லை தாண்டி அலையின் தலையை வெட்டத் தொடங்கினால் சூடு மேலும் ஏறும். பசை இளகும், கம்பியின் வார்னிஷ் கருகும், கடைசியில் காயில் அறுந்துபோகும். விழா நடுவே மாற்று யூனிட் தேடிப் போளூருக்கோ ஆலங்காயத்துக்கோ இறங்க முடியுமா? சத்தம் போதவில்லையென்றால் ஆம்ப்ளிஃபயர் தாங்கும் ஓம்ஸைப் பார்த்துக்கொண்டு இன்னொரு குழாயைக் கட்டுங்கள். சூட்டை இரண்டு காயில்கள் பகிர்ந்துகொள்ளும்.

காயிலின் சூட்டை அளக்கத் தனிக் கருவி வேண்டாம், மல்டிமீட்டர் போதும். கட்டுவதற்கு முன் ஓம்ஸைக் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டு நின்றதும் ஒயரைக் கழற்றி மறுபடி பாருங்கள். 10 சதவீதம் கூடியிருந்தால் ஏறக்குறைய 25 டிகிரி ஏறியிருக்கிறது. 12 ஓம்ஸ் 15 ஆகியிருந்தால் 64 டிகிரி. இதைச் சில நொடிகளுக்குள் செய்ய வேண்டும். காயில் சட்டென்று காந்தத்தின் சூட்டுக்கு இறங்கிவிடும். லைன் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள யூனிட்டில் அதைத் தாண்டிக் காயிலின் இரு முனைகளிலேயே மீட்டரை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது டிரான்ஸ்ஃபார்மர் சுற்றின் தடையை.

(தொடரும்)