நீர்மம் அறிந்து கருவி தேர்க

குடிநீர், பால், பெட்ரோல், சமையல் எண்ணெய், தார், அமிலம் எனப் பல்வகை நீர்மங்கள் நாள்தோறும் நெடுஞ்சாலைகளில் பயணம் செய்கின்றன. டேங்கர் லாரி என்று மக்கள் வழங்கும் கொள்கலச் சரக்குந்துகளே அவற்றைச் சுமந்து செல்கின்றன. வெளித்தோற்றத்தில் அவ்வூர்திகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே காணப்படும். ஆயினும், அவற்றிலிருந்து சரக்கை இறக்கும் முறை ஒன்றன்று. மூட்டையை இறக்கத் தோள்வலிமை போதும். நீர்மத்தை இறக்க அதன் இயல்புக்கு ஏற்ற கருவி வேண்டும். அக்கருவியைத் தேர்வதில் நேரும் பிழை சரக்கைக் கெடுப்பதோடு நில்லாது. அருகில் நின்று பணிபுரிவோரின் உயிருக்கும் ஊறு விளைவிக்கும்.

எக்கியின்றி இறக்குதல்

நீர்மத்தை இறக்க எப்போதும் எக்கி தேவை என்பதில்லை. பெட்ரோல் விற்பனை நிலையங்களில் சேமிப்புக் கலம் நிலத்தடியில் இருக்கும். ஊர்தியோ அதற்கு மேலே நிற்கும். எனவே, புவியீர்ப்பு விசையே எரிபொருளை இறக்கிவிடுகிறது. எக்கி வேண்டா என முடிவு செய்வதும் ஒரு நல்ல தேர்வே.

சமையல் எரிவாயுவின் நிலை வேறு. அது அழுத்தத்தால் நீர்மமாக்கப்பட்டது. அழுத்தம் சற்றுக் குறைந்தாலும் கொதித்து ஆவியாகும். ஆகவே, அதனை எக்கியால் உறிஞ்சுவது எளிதன்று. பல இடங்களில் அமுக்கி என்னும் கருவி, சேமிப்புக் கலத்தின் மேற்பகுதியிலுள்ள ஆவியை இழுத்து ஊர்தியின் கலத்திற்குள் செலுத்துகிறது. அந்த ஆவி அழுத்த, நீர்மம் குழாய்வழியே வெளியேறுகிறது. எரிவாயு ஊர்திகளுக்குப் பெயர்பெற்ற நாமக்கல் பகுதி ஓட்டுநர்களுக்கு இது பழகிய காட்சியாகும்.

பாகுநிலையும் எக்கியும்

தண்ணீரும் பாலும் எளிதில் ஓடுவன. கழிவுப்பாகும் தாரும் மெல்ல நகர்வன. ஓட்டத்தைத் தடுக்கும் இவ்வியல்பே பாகுநிலை எனப்படும். எளிதில் ஓடும் நீர்மங்களுக்கு மையவிலக்கு எக்கி ஏற்றது. அதன் சுழலி விரைந்து சுழன்று நீர்மத்தை வெளிநோக்கி வீசுகிறது. பாகுநிலை மிக்க நீர்மங்களிடம் இவ்வெக்கியின் திறன் பெரிதும் குன்றும். அங்கே பற்சக்கர எக்கியோ திருகு எக்கியோ பயன்படும். அவை ஒவ்வொரு சுற்றிலும் குறிப்பிட்ட அளவு நீர்மத்தைப் பற்றி முன்தள்ளுகின்றன.

தாரை இறக்க எக்கியின் வகை மட்டும் பொருந்தினால் போதாது; எக்கியும் குழாயும் முன்னரே சூடாக்கப்பட வேண்டும். இல்லையேல், தார் உள்ளேயே இறுகிச் சுழற்சியை நிறுத்திவிடும்.

மற்றொரு வேறுபாடும் கருதத்தக்கது. வெளியேறும் வழி அடைபட்டால் மையவிலக்கு எக்கி, உள்ளிருக்கும் நீர்மத்தையே சுழற்றிச் சூடாக்கும். பற்சக்கர எக்கியோ தொடர்ந்து தள்ளிக்கொண்டே இருப்பதால் அழுத்தம் ஏறிக் குழாய் வெடிக்கக்கூடும். எனவே, அதற்கு அழுத்தந்தணிக்கும் வால்வு இன்றியமையாதது.

அளவும் உயரமும்

12,000 லிட்டர் கொள்ளளவுடைய ஊர்தியை 30 நிமிடங்களில் இறக்க வேண்டுமெனில், எக்கி நிமிடத்திற்கு 400 லிட்டர் வெளியேற்ற வேண்டும். நீர்மத்தை எவ்வளவு உயரத்திற்கு ஏற்ற வேண்டும் என்பதும், அதன் அடர்த்தியும் இயந்திரத்தின் திறனை முடிவு செய்கின்றன. அடர் கந்தக அமிலத்தின் அடர்த்தி தண்ணீரினும் ஏறத்தாழ 1.84 மடங்கு மிகுதி. ஆகவே, தண்ணீரை ஏற்றிய அதே வேகத்தில் அதே உயரத்திற்கு அமிலத்தை ஏற்ற, ஏறக்குறைய இருமடங்கு திறன் தேவைப்படும்.

உறிஞ்சும் உயரத்திற்கு இயற்கையே எல்லை வகுத்துள்ளது. கடல்மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் தாங்கும் தண்ணீரின் உயரம் ஏறத்தாழ 10.3 மீட்டர். நடைமுறையில் இதனினும் குறைந்த உயரமே இயலும். சூடான நீர்மங்களுக்கும் எளிதில் ஆவியாகும் நீர்மங்களுக்கும் அவ்வுயரம் மேலும் குறையும். இதனால், எக்கியைக் கலத்தின் அடிமட்டத்திற்கு அருகில் அமைப்பதே நன்று.

கருவியின் உலோகமும் தூய்மையும்

பாலைத் தொடும் கருவிகள் துருப்பிடிக்காத எஃகால் ஆனவையாகவும், எளிதில் கழற்றிக் கழுவத்தக்கனவாகவும் இருத்தல் வேண்டும். ஓர் இடுக்கில் தங்கிய பழைய பால், புதிதாக வரும் பால் முழுவதையும் கெடுக்கவல்லது. அடர் கந்தக அமிலத்தைச் சாதாரண எஃகுக் கலத்திலும் கொண்டுசெல்லலாம். ஆனால், நீர் கலந்து நீர்த்த அமிலம் எஃகை விரைந்து அரித்துவிடும். எனவே, கழுவிய ஈரம் உலராத குழாயை அமிலத்திற்குப் பயன்படுத்துவது பெருந்தீங்காகும். உணவுப்பொருளுக்குரிய குழாயை வேதிப்பொருளுக்கு மாற்றிப் பயன்படுத்தலும் கூடாது.

காணாத இடர்கள்

பெட்ரோல் குழாயில் பாயும்போது நிலைமின்னூட்டம் தோன்றும். அது சேர்ந்து சிறு பொறியாக வெளிப்பட்டாலும், காற்றில் கலந்துள்ள ஆவி தீப்பற்றும். அந்த ஆவி காற்றினும் கனமானது. தரையை ஒட்டிப் பரவித் தொலைவிலுள்ள நெருப்பையும் எட்டும். ஆகவே, குழாயை இணைப்பதற்கு முன்னரே ஊர்தியைப் புவித்தொடுப்புக் கம்பியுடன் இணைத்தல் வேண்டும். அங்குப் பயன்படும் மின்கருவிகளும் தீப்பொறி வெளிப்படாத வகையினவாக இருத்தல் வேண்டும்.

மற்றோர் இடர், மூடிய காற்றுவழியால் நேர்வது. நீர்மம் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே செல்லாவிடில் கலத்தினுள் அழுத்தம் குறையும். வளிமண்டலமோ ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பின் மீதும் ஏறத்தாழ 10 டன் எடைக்கு இணையான விசையுடன் வெளியிலிருந்து அழுத்துகிறது. உறுதியாகத் தோன்றும் உலோகக் கலம், வெறுங்குவளைபோல் நசுங்கிவிடும்.

தேர்வின் முறை

நீர்மத்தின் பாகுநிலை, அடர்த்தி, வெப்பநிலை, அரிக்கும் தன்மை, தீப்பற்றும் தன்மை ஆகியவற்றை முதலில் அறிதல் வேண்டும். அடுத்து, இறக்கும் உயரத்தையும் நேரத்தையும் கணக்கிடல் வேண்டும். அதன் பின்னரே எக்கி, குழாய், இயந்திரம் ஆகியவற்றைத் தேர்தல் முறையாகும். விலையை முதலில் கேட்டு, நீர்மத்தைக் கடைசியில் எண்ணுவது இம்முறையைத் தலைகீழாக்கும். வால்வைத் திறக்கும் தொழிலாளி அச்சமின்றி நிற்பதற்கு, அவர் வருவதற்கு முன்னரே செய்யப்பட்ட சரியான தேர்வே காப்பாகும்.