பெரியவனையும் கொஞ்சம் கவனிங்க!

“டாக்டரம்மா, பெரியவன் எட்டு மாசத்துலயே வீடு பூரா தவழ்ந்தான். சின்னவனுக்குப் பத்து மாசம் முடியப் போவுது. வச்ச எடத்துலயே குந்திக் கெடக்கான். இடுப்புல ஏதாச்சும் கோளாறா இருக்குமா?”

வரிச்சிக்குடியில் என் வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறையில்தான் நான் நோயாளிகளைப் பார்ப்பது. கேட்ட பெண்ணின் இடுப்பில் சின்னவன். கொழுகொழுவென்று, என் மேசை மேலிருந்த கல்வத்தைப் பிடுங்க எட்டிக்கொண்டிருந்தான். அவளுடைய புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, கட்டை விரலை வாயில் போட்டபடி இன்னொருவன் நின்றான். இரண்டே முக்கால் வயது. அவனைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

சின்னவனைப் பாயில் உட்கார வைத்தேன். முதுகு நேராக, கை ஊன்றாமல் உட்கார்ந்தான். ஒரு கிலுகிலுப்பையைத் தள்ளி வைத்தேன். அவ்வளவுதான்! புட்டத்தாலேயே நகர்ந்து நகர்ந்து போய் எடுத்துவிட்டான். “இதைத்தான்மா சில பிள்ளைங்க தவழுறதுக்குப் பதிலா செய்யும். ஒரு கோளாறும் இல்லே” என்றேன். அவளுக்குப் பாதி நம்பிக்கைதான். பெரியவன் எட்டு மாதத்தில் தவழ்ந்தவனாயிற்றே!

இரண்டு பையன்கள் உள்ள வீடுகளில் இந்தத் தராசு எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும். அண்ணன் என்றைக்குப் பல் முளைத்தான், என்றைக்கு நின்றான் என்பதே தம்பிக்கு அளவுகோல். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்பட ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைக் கவனித்து, 2006-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. பிடிமானம் இல்லாமல் உட்காருவது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதத்துக்குள். கை, முழங்கால் ஊன்றித் தவழ்வது 5.2-லிருந்து 13.5-க்குள். தனியாக நடப்பது 8.2-லிருந்து 17.6 மாதத்துக்குள். பாருங்கள், நடையில் மட்டும் ஒன்பது மாத வித்தியாசம்! முதல் ஆள் நடந்து, கடைசி ஆள் நடப்பதற்குள் இன்னொரு குழந்தையே பிறந்துவிடலாம். அத்தனை பேரும் ஆரோக்கியமான பிள்ளைகள்தான். அதில் நூற்றுக்கு நான்கு பேர் தவழவே இல்லை. உட்கார்ந்தார்கள், நின்றார்கள், நடந்தார்கள்.

நம் பெரியவர்களும் இதைக் கவனிக்காமல் விடவில்லை. பிள்ளைத்தமிழில் செங்கீரைப் பருவம் என்றால், குழந்தை ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவது. ஐந்தாம் மாதம். கைகொட்டும் சப்பாணி ஒன்பதாம் மாதம். வருகை, ஒரு வயதை ஒட்டி. பல் முளைத்தால் கொழுக்கட்டை, வாசற்படி தாண்டினால் ஒரு பலகாரம் என்று வீட்டுக்கு வீடு செய்கிறார்களே, அதுவும் ஒரு கணக்குத்தான். ‘இன்னும் படி தாண்டலையே’ என்று பாட்டி வாய்விட்டுச் சொன்னால் அந்த வீடு கவனிக்க ஆரம்பிக்கும்.

காத்திருக்கலாம், ஆனால் எதுவரை என்று தெரிந்திருக்க வேண்டும். ஒன்பது மாதம் முடிந்தும் உட்காரவில்லை, ஒன்றரை வயதாகியும் தனியாக நடக்கவில்லை, ஒரு பக்கக் கையை மட்டுமே பயன்படுத்துகிறான், நேற்று வரை செய்ததை இன்று மறந்துவிட்டான் என்றால், என்னைப் போன்றவர்களிடம் தைலம் கேட்டுக்கொண்டு உட்காராதீர்கள். நேரே குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

நடை வரட்டும் என்று குழந்தையை உள்ளே உட்கார வைத்து உருட்டும் வட்ட வண்டியைச் சிலர் வாங்கிவிடுகிறார்கள். அது நடையைச் சீக்கிரம் கொண்டுவராது. குழந்தையைப் படிக்கட்டுக்கும் அடுப்புக்கும் சீக்கிரம் கொண்டுபோகும். கனடாவில் 2004-லேயே அதைத் தடை செய்துவிட்டார்கள். நம்ம ஊர் மூன்று சக்கர மர நடைவண்டி வேறு. அதில் பிள்ளை தன் காலில் நின்று, தானே தள்ளிக்கொண்டு போகிறான்.

நடை வந்தால் நம் பக்கத்தில் பயமும் வரும். கடைமடை ஊர். குளம், குட்டை, வாய்க்கால் எல்லாம் கூப்பிடு தூரத்தில். ‘தம்பியைப் பார்த்துக்கடா’ என்று நாலு வயதுப் பையனிடம் விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள். அவனும் குழந்தை. குளம்கூட வேண்டாம், ஒரு வாளித் தண்ணீர் போதும்.

பேச்சு விஷயத்தில் அசட்டை வேண்டாம்

“எங்க வீட்ல எல்லாரும் லேட்டாத்தான் பேசுவாங்க. குமரகுருபரரே அஞ்சு வயசு வரைக்கும் பேசலியாமே!” இதை எத்தனை பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறேன் தெரியுமா? வைத்தீஸ்வரன்கோயில் முருகன் மீது பிள்ளைத்தமிழ் பாடிய அதே குமரகுருபரர்தான். ஐந்து வயதில் திருச்செந்தூரில் முருகன் அருளால் வாய் திறந்தார் என்பது வரலாறாகச் சொல்லப்படுவது. அது அவருக்கு. நம் வீட்டுப் பிள்ளைக்கு அப்படிக் காத்திருக்கக் கூடாது.

பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனை மூன்றரை வயதில் அழைத்து வந்தார்கள். வீட்டுக்கு இரண்டாவது. ‘அண்ணன்காரனே இவனுக்கும் சேர்த்துப் பேசிடுறான். அதான் இவனுக்குச் சோம்பல்’ என்றார்கள். வசம்பு சுட்டு நாக்கில் தடவச் சொல்லி யாரோ சொல்லி, இரண்டு வருஷம் அதைச் செய்திருக்கிறார்கள். நான் அவன் முதுகுப் பக்கம் நின்று பித்தளைத் தட்டைத் தட்டினேன். அவன் திரும்பவே இல்லை. நாக்கில் குறையே கிடையாது. குறை காதில்! பெரா பரிசோதனைக்கு அனுப்பினோம். இப்போது காதில் கருவியோடு பள்ளிக்கூடம் போகிறான். ஆனால் போன இரண்டு வருஷம் போனதுதான். வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்று பெயர். நான் மதிக்கிற மருந்துதான். காது கேளாமைக்கு அது மருந்தல்ல.

ஒரு வயதில் பெயர் சொன்னால் திரும்ப வேண்டும். பதினாறு மாதத்துக்குள் ஒன்றிரண்டு வார்த்தை. இரண்டு வயதில் ‘அம்மா வா’, ‘தண்ணி தா’ என்று இரண்டு வார்த்தை சேர வேண்டும். இல்லையென்றால் முதலில் காதைச் சோதியுங்கள்.

கவலை சின்னவனுக்கு... மெலிந்தது பெரியவன்!

இப்போது அந்தப் பெரியவன் கதைக்கு வருகிறேன். முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றானே, அவன்.

முடி செம்பட்டை. வயிறு மட்டும் முன்னுக்கு. கைகால் குச்சி குச்சியாக. “இவன் எப்படிம்மா சாப்புடுறான்?” என்றேன். “அவனா... அவனுக்கென்ன டாக்டரம்மா, ரெண்டு வாய் தின்னுட்டு எந்திரிச்சிருவான். இப்பதான் மறுபடி படுக்கையில மூத்திரம் பெய்ய ஆரம்பிச்சிருக்கான். தம்பிப் பாட்டிலைப் புடுங்கிக் குடிக்கிறான். அடிச்சாலும் கேக்க மாட்டேங்குறான்” என்றாள்.

எடை பத்தரை கிலோ. அந்த வயதுப் பையனுக்குச் சராசரி பதின்மூன்றரைக்கு மேல். இடது மேற்கையின் நடுவில் நாடாவைச் சுற்றினேன். 12.1 சென்டிமீட்டர். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை இந்தச் சுற்றளவு பன்னிரண்டரைக்குக் கீழே போனால் ஊட்டக்குறைவு. பதினொன்றரைக்குக் கீழே போனால் ஆபத்து, உடனே ஆஸ்பத்திரி. அவன் முதல் எல்லையைத் தாண்டிவிட்டிருந்தான், அடுத்ததை நோக்கி.

இதற்கு நம் தமிழில் ஒரு சொல் உண்டு. சவலை. தாய் மறுபடி உண்டாகி, பால் நிறுத்தப்பட்டு, ஏங்கி மெலிந்த பிள்ளை சவலைப்பிள்ளை. சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர், இன்று கானா என்கிற கோல்டு கோஸ்ட்டில் வேலை பார்த்தபோது, கைகால் வீங்கி, முடி நிறம் மாறி வரும் குழந்தைகளைப் பற்றி 1933-ல் எழுதினார். 1935-ல் அந்த ஊர் மக்கள் அதற்கு வைத்திருந்த பெயரையே மருத்துவ உலகத்துக்குச் சொன்னார்: குவாஷியோர்கர். அடுத்த குழந்தை வந்ததும் இடம் இழந்த மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்று அதற்குப் பொருள் சொன்னார். எங்கோ இருக்கும் ஆப்பிரிக்கத் தாய்மாரும் நம் பாட்டிமாரும் ஒரே விஷயத்தைக் கவனித்து, ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள்! புரதக் குறைவு மட்டும்தான் காரணமா என்று ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். தாய்மார்கள் அந்தப் பெயரிலேயே பாதியைச் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு இதைச் சொல்ல வாய் கூசத்தான் செய்கிறது. பாளையங்கோட்டைக் கல்லூரியில் சவலையைப் பற்றிப் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதி மார்க் வாங்கியவள் நான். என் மூத்தவன் 1995-ல் பிறந்தான். அவனுக்குப் பதினாலு மாதம் ஆகும்போது அடுத்தது உண்டாயிற்று. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது பால் கொடுத்தால் அது கெட்ட பால் என்று வீட்டில் சொல்ல, நானும் மறுக்காமல் வேப்பிலையை அரைத்து மார்பில் தடவி ஒரே நாளில் நிறுத்தினேன். அன்றைக்கு அவன் முகம் சுளித்து என்னைப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. சின்னவன் பிறந்த மூன்றாம் மாதம், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட வந்த கிழவி என் சின்னவனைத் தொடக்கூட இல்லை. மூத்தவனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஏந்தாயி, ஊருக்கே மருந்து குடுக்குற, ஒன் புள்ள சவலையாக் கெடக்குதே” என்றாள். படித்த எனக்குத் தெரியவில்லை, படிக்காதவளுக்குத் தெரிந்தது. தினமும் பார்க்கிற பிள்ளை இளைப்பது கண்ணுக்குப் படாது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். உண்மை என்னவென்றால், நான் அவனைப் பார்க்கவே இல்லை.

கர்ப்பம் தரித்ததும் பால் கெட்டுப் போவதில்லை. சிக்கல் இல்லாத கர்ப்பமாக இருந்து, தாயும் நன்றாகச் சாப்பிட்டால், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடர்ந்து கொடுக்கலாம். நிறுத்துவதானாலும் வேளை வேளையாகக் குறைத்து நிறுத்துங்கள். பால் போகிற இடத்தில் சோறு வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அதைவிட நல்லது, ஒரு பிள்ளை பிறந்து குறைந்தது இரண்டு வருஷம் கழித்து அடுத்ததைப் பற்றி யோசிப்பது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனையும் அதுதான்.

அந்தப் பையனை முதலில் காரைக்காலில் குழந்தை மருத்துவரிடம் அனுப்பினேன். ரத்தம், மலம், நெஞ்சு மூன்றையும் பார்த்தார்கள். குடற்புழுவுக்கு மாத்திரை கொடுத்தார்கள். என் பங்குக்குப் பசி எடுக்க மட்டும் பஞ்சதீபாக்கினிச் சூரணம், நெய்யில் குழைத்து. அளவு எடைக்கு ஏற்ப மாறும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்ததைக் கேட்டு வாங்காதீர்கள். தேனில் குழைத்துக் கொடுக்கும் மருந்தும் நிறைய உண்டு, ஆனால் ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. தம்பிக்காரன் நக்கிவிடுவான் என்றுதான் நெய்.

மற்றபடி மருந்தெல்லாம் அடுப்படியில். தினம் ஒரு முட்டை. காலையில் கேழ்வரகுக் கூழில் பச்சைப்பயறு மாவு கலந்து, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு. மத்தியானம் முள் எடுத்த மீன், நெத்திலி வந்தால் இன்னும் நல்லது. மூன்று வேளையை ஐந்து வேளையாகப் பிரித்துக் கொடுக்கச் சொன்னேன். காலில் வீக்கம் தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்றும் சொல்லி வைத்தேன்.

இன்னொன்றும் சொன்னேன். அது மாமியாருக்கு முன்னால் சொல்ல வேண்டியிருந்தது. “பெரியவன்தானே, விட்டுக் குடுடான்னு ஒரு மாசத்துக்கு யாரும் சொல்லாதீங்க. மூணு வயசு கூட ஆகாதவன் பெரியவன் இல்லே. படுக்கையை நனைச்சா அடிக்காதீங்க, மறுபடி குழந்தையாயிட்டா நம்மைத் தூக்குவாங்களான்னு பாக்குறான். சின்னவன் தூங்குறப்ப கால் மணி நேரம் அவனை மட்டும் மடியில வச்சிக்குங்க. தட்டு அவனுக்குன்னு தனியா.”

மாமியார் சிரித்தார். “ஒத்தைப் பழத்துக்குச் சாமி வீட்டுலயே சண்டை வந்து, ஒருத்தர் கோவிச்சிக்கிட்டு மலையேறிட்டாரு. நாமெல்லாம் எம்மாத்திரம்?” என்றார். “அது கைலாசம். நம்ம காரைக்கால் அம்மையார் கதையில ரெண்டு பழம். ரெண்டா வாங்குங்க” என்றேன். ஆனி மாங்கனித் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்த சமயம் அது. மாடியிலிருந்து வீசும் மாம்பழத்தைப் பிடிக்க அவரும் போவார்.

முதல் மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. முட்டையைத் துப்பினான். தம்பியைக் கடித்தான். அவள் அழுதுகொண்டே வந்தாள். நான் எடையைக்கூடப் பார்க்கவில்லை, போய்ட்டு அடுத்த வாரம் வா என்றேன். ஐந்தாவது வாரம் கால் கிலோ ஏறியிருந்தது. மூன்று மாதம் கழித்து நாடாவில் 13.1.

அன்றைக்குச் சின்னவனும் வந்திருந்தான். பதின்மூன்று மாதம். தவழவே இல்லை. என் நாற்காலிக் காலைப் பிடித்து எழுந்து, கையை விட்டு, மூன்று அடி வைத்துத் தொப்பென்று உட்கார்ந்தான். அம்மாவும் மாமியாரும் கைதட்டினார்கள். நான் பெரியவனைப் பார்த்தேன். அவன் ஏற்கெனவே எடை மெஷின் மேல் ஏறி நின்றுகொண்டு, “மொதல்ல என்னைப் பாரு” என்றான்.