நூலும் விரலும் கூலியும்

மருதமுனைக்கு நெசவு புதிதல்ல. ஆனால் தூண்டில் முள்ளில் நூல் சுற்றிப் பொய்ப்பூச்சி கட்டும் தொழில் ஒன்று இருப்பது எமது சகோதரிகள் பலருக்குத் தெரியாது. மேலைநாடுகளில் ஆற்று மீன் பிடிப்பவர்கள் இதை வாங்குகிறார்கள். கென்யாவில் 1930களில் தொடங்கிய இத்தொழிலைப் பெரும்பாலும் பெண்களே செய்கிறார்கள். இலங்கையிலும் ஏற்றுமதிக்காகக் கட்டப்படுகிறது.

பூச்சியின் உடலுக்கு முறுக்கில்லாத மினுங்கும் நூல் வேண்டும். முன்பு பட்டு நூல். இப்போது ரேயன், பொலியெஸ்டர், நைலோன். ரேயன் நனைந்தால் பலம் குறையும், நிறமும் கறுக்கும். சுற்றும்போது முறுக்கேறினால் எதிர்ப்பக்கம் திருப்பித் தட்டையாக்க வேண்டும். அடிச்சுற்று மேடுபள்ளமாக இருந்தால் மேலேயும் அது தெரியும்.

சொரசொரப்பான விரலில் இந்த நூல் இழை இழையாகப் பிரியும். யுத்தத்துக்கும் 2004 சுனாமிக்கும் பின்னர் கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்த தாய்மாரை நான் சந்திக்கிறேன். அவர்களின் விரல்கள் அப்படித்தான் இருக்கின்றன. அதற்காக ஒதுங்க வேண்டாம். இரவில் தேங்காயெண்ணெய் பூசுங்கள். நூலைத் தொடுமுன் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடையுங்கள். எண்ணெய் பட்டால் நூல் கறைப்படும்.

சகோதரிகளே, இது துண்டுக் கணக்கில் கூலி தரும் வேலை. விலை பேசுமுன் ஒரு டசின் கட்டிப் பாருங்கள். எத்தனை மணித்தியாலம் போனது என்று கொப்பியில் எழுதுங்கள். நூல் யார் தருவது, பிழையென்று திருப்பி அனுப்பினால் நட்டம் யாருக்கு என்றும் கேளுங்கள். கணக்குப் பார்த்த பிறகு சம்மதம் சொல்லுங்கள்.