அட்வான்ஸ் வாங்கும் முன் ஒரு தாள்

முல்லையாற்றங்கரையில் வீரபாண்டி கௌமாரியம்மனுக்குச் சித்திரைத் திருவிழா தொடங்கிவிட்டால், போடிநாயக்கனூரைச் சுற்றியுள்ள ஊர்களிலும் ஒன்றன்பின் ஒன்றாக மேடைகள் எழும். கீபோர்டு, ரிதம் பேடு, தபேலா, கிட்டார், இரண்டு மூன்று பாடகர்கள் என ஒரு வேனில் அடங்கும் மெல்லிசைக் குழுவை, அதாவது ஊர்மொழியில் ஆர்கெஸ்ட்ராவை, இந்தச் சில மாதங்களின் கச்சேரிகள்தான் ஆண்டு முழுவதும் காப்பாற்ற வேண்டும். இவர்கள் வாசிப்பது அடுத்தவர் உருவாக்கிய பாட்டு. மேலைநாடுகளில் பீட்டில்ஸ் பாட்டை மட்டுமே வாசித்துப் பிழைக்கும் குழுக்கள் இருப்பதுபோல், இங்கே ‘ராஜா இரவு’, ‘எம்.எஸ்.வி. இரவு’ என்று ஒரே இசையமைப்பாளரின் பாட்டுகளை வைத்தே கச்சேரி கட்டும் குழுக்கள் இருக்கின்றன. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சட்டம் என்றதும் நினைவுக்கு வருவது ஒரே அச்சம்: பாட்டுக்குச் சொந்தக்காரர் வழக்குப் போட்டுவிடுவாரோ? அந்த அச்சம் முற்றிலும் பொய்யல்ல. ஆனால் மேடைக் கலைஞர் உண்மையில் இழப்பது பெரும்பாலும் வேறு வழிகளில்: வராத பாக்கித் தொகை, அனுமதியின்றி எடுத்து ஏற்றப்படும் வீடியோ, மலைப்பாதையில் காப்பீடு செல்லாத பயணம். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான காரணம், அட்வான்ஸ் வாங்கும்போது எதையும் எழுதிக்கொள்ளாமல் இருப்பதுதான்.

போடியிலிருந்து வெகுதூரமில்லாத பண்ணைப்புரத்தில் பிறந்தவர் இளையராஜா. சினிமாவுக்கு வருமுன் அவருடைய இசைவாழ்க்கை அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகப் போன மேடைக் கச்சேரிதான். 1958ஆம் ஆண்டு தேவிகுளம் இடைத்தேர்தலில் பாவலர் இந்த ஏலமலைப் பகுதியின் தோட்டத் தொழிலாளர்கள் நடுவே கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பாடினார். அதே இளையராஜாவிடமிருந்து 2017 மார்ச்சில், அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்த எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு வழக்கறிஞர் நோட்டீஸ் போனது: அனுமதியின்றி என் பாடல்களை மேடையில் பாடக் கூடாது என்று. தமிழ்நாடே இரண்டாகப் பிரிந்து பேசிய அந்தச் சண்டை, சிறிய குழுக்களுக்கு ஒரு கலக்கத்தை விட்டுச் சென்றது. பாடியவருக்கே பாட அனுமதி இல்லையென்றால் நம் கதி என்ன? இந்தக் கேள்விக்கு 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் தெளிவான பதில் இருக்கிறது. அதைப் படித்துக்காட்ட யாரும் முன்வராததுதான் குறை.

அச்சட்டத்தின் 52(1)(இசட்ஏ) பிரிவு, உண்மையான சமயச் சடங்கின்போதும், மத்திய மாநில அரசுகளோ உள்ளாட்சி அமைப்போ நடத்தும் அதிகாரப்பூர்வ விழாவிலும் பாட்டை நிகழ்த்துவது உரிமை மீறல் ஆகாது என்கிறது. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தோடு சேர்ந்த மற்றக் கொண்டாட்டங்களும் சமயச் சடங்கில் அடங்கும் என்று அதன் விளக்கமே சொல்கிறது. கல்யாண வீடுகளில் உரிமக் கட்டணம் கேட்கிறார்கள் என்ற புகார்கள் வந்தபோது, 2023 ஜூலையில் ஒன்றிய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை இதைச் சுட்டிக்காட்டிப் பொது அறிவிப்பே வெளியிட்டது. ஆனால் இதை வைத்து எல்லாம் இலவசம் என்று முடிவுகட்டுவது ஆபத்து. கோவா அரசு இந்த விலக்கைப் பற்றி வெளியிட்ட சுற்றறிக்கையை, அது சட்டத்தின் எல்லையைத் தாண்டுகிறது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு 2024 ஆகஸ்டில் ரத்து செய்தது. அம்மன் புறப்பாட்டின்போது வாசிப்பதும், திருவிழாவை ஒட்டி ஆள்சேர்க்க நடத்தும் கலைநிகழ்ச்சியும் ஒன்றா என்பதைக்கூட நாளை ஒரு நீதிமன்றம் கேட்கலாம். மலைமேல் உல்லாச விடுதியின் புத்தாண்டு இரவு, கம்பெனி ஆண்டு விழா, நுழைவுச்சீட்டு வைத்த கச்சேரி ஆகியவற்றில் இந்த விலக்கு நிச்சயமாக இல்லை. டிக்கெட் வைக்காவிட்டால் உரிமம் தேவையில்லை என்று பலர் நம்புவதும் அரை உண்மைதான். சட்டம் அந்தச் சலுகையைத் தருவது தொழில்முறை அல்லாத மன்றங்களுக்கு மட்டுமே. கூலி வாங்கி வாசிக்கும் குழு அதில் சேராது.

அப்படியானால் அந்த உரிமத்தை யார் வாங்குவது? விடுதியும் நிகழ்ச்சி அமைப்பாளரும்தான் என்பதே நியாயம். லாபத்துக்காக இடம் கொடுத்து அங்கே உரிமை மீறல் நடக்க விட்டவரும் 51ஆம் பிரிவின்படி பொறுப்பாளி. பாட்டின் வரிக்கும் மெட்டுக்கும் உரிமம் தரும் பதிவுபெற்ற பதிப்புரிமைச் சங்கம் ஐபிஆர்எஸ். எல்லாப் பாட்டும் அதன் கையில் இருக்கிறது என்று எண்ணிவிடாமல், பாடப்போகும் பட்டியலைக் கொடுத்து அமைப்பாளரையே எழுத்தில் கேட்கச் சொல்ல வேண்டும். குழு நேரடியாக வாசித்தால் வரி, மெட்டு ஆகிய இரண்டின் உரிமையோடு நின்றுவிடும்; அசல் ஒலிப்பதிவையே ஓடவிட்டு ஆடினால் ஒலிப்பதிவு உரிமையும் சேர்ந்துகொள்ளும். ‘உரிமம், காவல்துறை அனுமதி இரண்டும் அமைப்பாளர் பொறுப்பு’ என்று ஒப்பந்தத் தாளில் ஒரு வரி இருந்தால், நாளை நோட்டீஸ் வந்தாலும் சுமை முழுவதும் கீபோர்டுக்காரர் தலையில் விழாது. வேண்டுமென்றே உரிமையை மீறுவது 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம் என்பதால் இந்த ஒரு வரி சின்ன விஷயமல்ல.

இங்கே மேடைக்காரர்கள் சொல்லும் ஒரு மறுப்பு உண்டு. பழைய பாட்டு இன்றும் பட்டிதொட்டியெல்லாம் கேட்பது எங்களால்தானே, எங்களிடமே காசு கேட்கலாமா என்கிறார்கள். உணர்வு புரிகிறது, ஆனால் வாதம் நிற்காது. மெட்டுப் போட்டவரும் எழுதியவரும் உரிமையை ஒரேயடியாக எழுதிக்கொடுத்துவிட்டுக் கைகட்டி நிற்கக் கூடாது என்றுதான் 2012இல் சட்டம் திருத்தப்பட்டது. அதே திருத்தம்தான் மேடையில் பாடுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் உள்ள உரிமையை வலுப்படுத்தியது. ஒன்றை மறுத்துக்கொண்டு இன்னொன்றைக் கேட்க முடியாது. அந்த இன்னொன்றை இன்றுவரை இந்தப் பக்கத்துக் குழுக்கள் கேட்காமலே இருப்பதுதான் எனக்கு வேதனை.

பாட்டு உங்களுடையதல்ல, ஆனால் அதை அந்த மேடையில் நீங்கள் பாடிய அந்தப் பாடல்நிகழ்வு உங்களுடையது. 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நம் சட்டத்துக்குள் வந்த நிகழ்த்துநர் உரிமை இதுதான். பாடகர், வாத்தியக்காரர், நடனக்காரர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டிவரை சட்டம் நிகழ்த்துநர் என்று பெயர்சொல்லி ஏற்கிறது. நிகழ்ச்சி நடந்த ஆண்டுக்குப் பின் 50 ஆண்டுகளுக்கு, அதை ஒலியாகவோ ஒளியாகவோ பதிவுசெய்வதும், பிரதி எடுத்து விற்பதும், ஒளிபரப்புவதும் உங்கள் சம்மதத்தோடுதான் நடக்க வேண்டும். பதிவில் உங்கள் பெயரைச் சொல்லும்படி கேட்கவும், உங்கள் பெயரைக் கெடுக்கும் விதத்தில் அதை வெட்டித் திரித்தால் தடுக்கவும் 38பி பிரிவு இடம் தருகிறது. இப்போது நடப்பது என்ன? விழாக் கமிட்டி அமர்த்திய வீடியோக்காரர் கச்சேரி முழுவதையும் பிடிக்கிறார். உள்ளூர் கேபிளில் ஓடுகிறது. மறுநாள் யாரோ ஒருவருடைய யூடியூப் சேனலில் ஏறி விளம்பர வருமானம் தருகிறது. பாடிய பெண்ணுக்கு அன்றிரவுக் கூலி மட்டும். ‘கமிட்டி தன் நினைவுக்காகப் பதிவுசெய்யலாம், இணையத்தில் ஏற்றவும் ஒளிபரப்பவும் குழுவின் எழுத்துச் சம்மதம் வேண்டும்’ என்று ஒரே வாக்கியம் இருந்தால் பேரம் பேச இடம் கிடைக்கும். மீறினால் தடையாணையும் இழப்பீடும் கேட்கலாம். வழக்கைத் தாம் குடியிருக்கும் எல்லைக்குரிய மாவட்ட நீதிமன்றத்திலேயே போட 62ஆம் பிரிவு வழிசெய்கிறது. போடிக்காரர் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும்: உங்கள் கச்சேரியை நீங்களே யூடியூபில் ஏற்றினாலும், கோயில் விலக்கு அங்கே கூடவராது. மியூசிக் நிறுவனம் உரிமை கோரினால் வருமானம் அவர்களுக்குப் போகும், சில நேரம் வீடியோவே நீக்கப்படும். அதைச் சேமிப்புக் கணக்குபோல் நம்பிக் கடன் வாங்கிவிடக் கூடாது.

பேனரிலும் கவனம் வேண்டும். பிரபலத்தின் பெயரையும் படத்தையும் வியாபாரத்துக்குப் பயன்படுத்த அவருடைய அனுமதி தேவை என்பதை, ரஜினிகாந்த் பெயரை வைத்து எடுக்கப்பட்ட ஓர் இந்திப் படத்துக்கு எதிரான வழக்கில் 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. இன்னாருடைய பாடல்கள் என்று அறிவிப்பது வேறு. அவரே வருவதுபோலவோ ஆதரிப்பதுபோலவோ படம்போட்டுச் சீட்டு விற்பது வேறு.

பாட்டுரிமையைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். உயிரைப் பற்றிப் பேசுவது குறைவு. போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி எனக் கேரளப் பக்கத்து ஏலத்தோட்ட ஊர்களுக்குக் கச்சேரிக்குப் போனால், நள்ளிரவுக்கு மேல் மூடுபனியில் அதே வளைவுகளில்தான் இறங்கியாக வேண்டும். வாடகை மிச்சம் என்று ஸ்பீக்கர் பெட்டி ஏற்றிய சரக்கு வண்டியிலேயே ஆட்களும் ஏறிக்கொண்டால், விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கலாம். சரக்கு வண்டியில் கட்டணமின்றிப் பயணம் செய்பவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது என்று ஆஷா ராணி வழக்கில் 2002இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரக்கின் உரிமையாளருக்கும் அவருடைய பிரதிநிதிக்கும் மட்டும் சட்டத்தில் இடம் இருக்கிறது. குழுவினர் எல்லாரும் அந்த இடத்துக்குள் நுழைய முடியாது. பயணிகளை ஏற்ற அனுமதி பெற்ற வண்டி வாடகைக்கு எடுத்து, அந்தச் செலவைக் கச்சேரிக் கூலியில் தனியாக எழுதுவதே வழி. கேரள எல்லைக்குள் விபத்து நடந்தாலும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவின்படி, தாம் வசிக்கும் பகுதிக்குரிய தீர்ப்பாயத்திலேயே இழப்பீடு கேட்கலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 6 மாதக் கெடு வைத்திருப்பதால் அதற்குள் மனு கொடுத்துவிட வேண்டும். ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தரும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டம் 18 முதல் 70 வயது வரை வங்கிக் கணக்குள்ள எவருக்கும் உண்டு. குழுவை நடத்துபவர் தம் ஆட்கள் எல்லாருக்கும் இதைப் போட்டுவைத்தால் ஒரு கச்சேரியின் டீச்செலவுகூட ஆகாது.

நேரத்திலும் கவனம் வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. திருவிழாக்களுக்காக மாநில அரசு ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம். அந்தத் தளர்வு குறிப்பிட்ட நாளுக்கு இருக்கிறதா என்று கமிட்டி முன்கூட்டியே காட்ட வேண்டும். பத்து மணிக்குக் காவலர் வந்து நிறுத்திவிட்டார், பாதிக் கச்சேரிதான் நடந்தது, பாதிக் காசுதான் என்ற தகராறு அப்போது எழாது. பெண் பாடகர்களின் நிலை இன்னும் கடினம். மேடையிலோ வண்டியிலோ தங்குமிடத்திலோ நடக்கும் பாலியல் தொல்லை 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பணியிடத் தொல்லைதான். பத்துப் பேருக்குக் குறைவான குழுவில் உள்புகார்க் குழு இருக்காது என்பதால் மாவட்ட அளவிலுள்ள உள்ளூர்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம். அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181.

தாளை நீட்டினால் புக்கிங்கே போய்விடும், அடுத்த குழு தாள் இல்லாமல் வரத் தயாராக நிற்கிறது என்பது எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு. ஊர் வாக்கு போதாதா என்றும் கேட்பார்கள். வாக்கின் மதிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் வாய்ப்பேச்சு ஒப்பந்தத்தை ஏற்கிறது. ஆனால் வாக்குக் கொடுத்த கமிட்டி அடுத்த ஆண்டு மாறிவிடும், வசூல் குறைந்தால் முதலில் வெட்டப்படுவது கலைஞர் பாக்கி. முத்திரைத்தாளும் வக்கீலும் வேண்டாம். தேதி, இடம், நேரம், மொத்தத் தொகை, அட்வான்ஸ், பாக்கி எப்போது, வண்டிச் செலவு யாருடையது, மழையாலோ தடையாலோ நின்றால் எவ்வளவு, உரிமமும் அனுமதியும் யார் பொறுப்பு, வீடியோ யாருக்கு என்பதைக் கமிட்டித் தலைவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி ‘சரி’ என்ற பதிலை வாங்கிக்கொண்டாலே சாட்சி ஆகிவிடும். பகுதியிலுள்ள குழுக்கள் எல்லாம் கூடி ஒரே மாதிரி தாளை வைத்துக்கொண்டால், தாள் வேண்டாம் என்று சொல்லி யாரும் யாரையும் கீழிறக்க முடியாது.

பாக்கி வராவிட்டால், வேலை முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். அதற்கு முன் வட்ட சட்டப் பணிகள் குழுவிடமோ தேனி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடமோ வெள்ளைத்தாளில் மனு எழுதிக் கொடுத்தால், எதிர்த்தரப்பை அழைத்துப் பேசுவார்கள். வழக்கே தொடுக்காமல் மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொள்ளலாம். அங்கே எழுதப்படும் தீர்வு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு இல்லை. பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்புக்கு உட்பட்டு. தொலைபேசியில் கேட்க 15100. மனுவோடு வாட்ஸ்அப் செய்தியின் அச்சுப் பிரதி, அட்வான்ஸ் வந்த வங்கிக் கணக்குப் பதிவு, கச்சேரி நோட்டீஸ் ஆகிய மூன்றையும் இணைக்க வேண்டும்.